90 நாள் விசாவும் இரண்டு நாள் வேலைநிறுத்தமும்: காலடிப்பேட்டைத் தம்பதியர் ஊர் திரும்பிய விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

வடசென்னையின் தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சிறிய கடையில் 16 ஆண்டுகளாக விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்து வருகிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்கள், ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் ஏறப் போகும் மாலுமிகள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர்கள். இந்த ஆய்வு அப்படிப்பட்ட பெற்றோர் இருவரைப் பற்றியது. அவர்களுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்.

வேலைநிறுத்தத்தால் ரத்தாவது விமானம்தான். உங்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக நிறுவனம் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. ஆனால் அதை நீங்களே முடித்துவைப்பதற்கு ஒரு பொத்தான் கைப்பேசியில் தயாராக இருக்கும். அதன் பெயர் 'பணத்தைத் திரும்பப் பெறு'. அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருக்க வேண்டும் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, இதில் என் தவறுகள் எவை என்பதும் எனக்குத் தெளிவாயிற்று. அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெரியவர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவிக்கு முழங்கால் வலி. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி இல்லாமல் முடியாது. மகள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்காக நவம்பரில் இருவரும் போனார்கள். விசா ஷெங்கன் வகை, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா. எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. நுழைந்த நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். பேரனோடு கூடுதலாக ஒரு வாரமாவது இருக்க வேண்டும் என்று அந்த அம்மா கேட்டதால், திரும்பும் தேதியை 88ஆம் நாளில், ஒரு புதன்கிழமையில் வைத்தேன். இரண்டு நாள் இடைவெளி போதும் என்று நினைத்தேன். போதவில்லை.

டிக்கெட் ஓர் ஐரோப்பிய விமான நிறுவனத்துடையது. ஹாம்பர்க்கிலிருந்து அந்த நிறுவனத்தின் தலைமை நகரம், அங்கிருந்து பெங்களூரு. பெங்களூருவிலிருந்து சென்னைக்கு வேறு நிறுவனத்தில் தனி டிக்கெட். சென்னை வரை ஒரே டிக்கெட்டாகப் போட்டிருந்தால் இருவருக்கும் சேர்த்து 11,000 ரூபாய் கூடுதலாகி இருக்கும். மிச்சம் பிடித்துக் கொடுத்ததாக அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை

திங்கட்கிழமை இரவு 9.50 மணிக்கு விமான நிறுவனத்தின் மின்னஞ்சல் வந்திருக்கிறது. விமானிகள் சங்கம் ஊதியக் கோரிக்கைக்காகப் புதனும் வியாழனும் வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறது, உங்கள் பயணம் ரத்து, ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் உங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்பது அதன் சாரம். அந்த மின்னஞ்சல் வந்தது என் கடையின் முகவரிக்கு. கடை 9 மணிக்கே பூட்டியாகிவிட்டது. பயணியின் தொடர்பு எண்ணாக நான் கொடுத்திருந்தது பெரியவருடைய சென்னை எண்; அது மூன்று மாதமாக அணைந்து கிடந்தது. மகளுடைய ஜெர்மனி எண் என்னிடம் இருந்தும் முன்பதிவில் அதைச் சேர்க்கவில்லை. எங்கள் தொழிலில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்: வாடிக்கையாளரின் எண் நிறுவனத்துக்குப் போய்விட்டால் அடுத்த முறை நேரடியாக அங்கே வாங்கிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பழக்கத்தால் அந்தக் குடும்பம் 11 மணி நேரத்தை இழந்தது. வேலைநிறுத்தக் காலத்தில் 11 மணி நேரம் என்பது நூற்றுக்கணக்கான பேர் உங்களுக்கு முன்னால் வரிசையில் போய் நின்றுவிடும் நேரம்.

காலை 9 மணிக்கு மின்னஞ்சலைப் பார்த்ததும் மகளை அழைத்தேன். அங்கே விடியற்காலை நாலரை. கைக்குழந்தை இருக்கும் வீடு, விழித்துத்தான் இருந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமைதானே அக்கா, நாலு நாள் கூட இருக்கட்டுமே. அம்மாவுக்கும் சந்தோஷம்" என்றாள்.

"ஞாயிற்றுக்கிழமை 92ஆம் நாள் அம்மா" என்றேன்.

சற்று நேரம் அவள் பேசவில்லை. அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கினால் வெளியேறும்போது பதிவாகும். அடுத்த விசா கேள்விக்குறியாகும். நுழையத் தடை விதிக்கவும் அந்த நாட்டுக்கு அதிகாரம் உண்டு. ஒரே மகள், முதல் பேரன். அந்த வீட்டுக்கு அடுத்த விசா எவ்வளவு முக்கியம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறுக்கு ஏன் தள்ளினார்கள்? ரத்தான பயணிகளை மறுபடி அமர்த்தும் வேலையை முதல் சுற்றில் கணினிதான் செய்கிறது. தன் நிறுவனத்தின் விமானங்களிலும் கூட்டாளி நிறுவனங்களின் விமானங்களிலும் எங்கே காலியிடம் இருக்கிறது என்று பார்த்து அடுக்குகிறது. இரண்டு நாள் பயணிகள் மொத்தமும் வெள்ளிக்கிழமை விமானங்களின் மீது விழுகிறார்கள். மிச்சம் சனி, ஞாயிறு என்று வழிகிறது. விசாவின் கடைசி நாள் அந்தக் கணினிக்குத் தெரியாது. அது அனுப்பிய தேதியை முடிவான தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு 'ஏற்கிறேன்' என்று அழுத்துகிறவர்கள்தான் அதிகம். அது முதல் சலுகை. ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மகள் அடுத்ததாகக் கேட்டது: "பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு விமானத்தில் போட்டுவிடலாமா அக்கா? திரையில் அந்தப் பொத்தான் இருக்கிறது."

வேண்டாம் என்று ஏறக்குறைய கத்தினேன். பயன்படுத்தாத திரும்பும் பகுதிக்குத் தலைக்கு 30,000 ரூபாய் அளவில் வரும். வியாழன், வெள்ளியில் ஹாம்பர்க்கிலிருந்து இந்தியாவுக்கு ஒருவழிப் பயணம் அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அது மட்டுமல்ல. பணத்தைக் கேட்ட நொடியில், உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பிலிருந்து நிறுவனம் விடுபட்டுவிடுகிறது.

எந்தச் சட்டம், எந்த வேலைநிறுத்தம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறை, ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து புறப்படும் எல்லாப் பயணங்களுக்கும் பொருந்தும். நிறுவனம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் சரி. வெளிநாட்டிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் பயணமானால், இயக்கும் நிறுவனம் ஒன்றியத்து நிறுவனமாக இருக்க வேண்டும். பயணியின் குடியுரிமைக்கு இதில் இடமே இல்லை. காலடிப்பேட்டைக்காரருக்கும் ஹாம்பர்க்காரருக்கும் ஒரே உரிமை. இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் நம்ப மறுக்கிறார்கள். 'நமக்கெல்லாம் தருவார்களா' என்கிறார்கள்.

அதன் 8ஆம் பிரிவு தேர்வைப் பயணியின் கையில் கொடுக்கிறது: ஏழு நாளுக்குள் பணம், அல்லது ஒத்த நிலையிலான பயணத்தில், முடிந்தவரை விரைவில், டிக்கெட்டில் உள்ள கடைசி ஊர் வரை கொண்டு சேர்ப்பது, அல்லது இடம் இருந்தால் பயணி விரும்பும் பிறிதொரு நாள். 'முடிந்தவரை விரைவில்' என்ற சொற்கள்தான் நமக்கு ஆயுதம். அந்த நிறுவனத்தின் சொந்த விமானத்தில் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. வேறு நிறுவனத்தின் விமானத்தில் முன்கூட்டியே இடம் இருக்குமானால் அதைக் கேட்கலாம்.

9ஆம் பிரிவு காத்திருக்கும் நேரத்துக்கான உணவு, தங்குமிடம், போக்குவரத்து பற்றியது. இவர்கள் மகள் வீட்டில் இருந்ததால் அது தேவைப்படவில்லை. நடுவழியில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும்.

பண இழப்பீடு தனி. அங்கேதான் யாருடைய வேலைநிறுத்தம் என்ற கேள்வி வருகிறது. 2025 மார்ச் 10 அன்று ஜெர்மனியின் 13 விமான நிலையங்களில் நடந்தது போல, விமான நிலைய ஊழியர்களோ வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்களோ நிறுத்தம் செய்தால் அது விமான நிறுவனத்தின் கையில் இல்லாத அசாதாரணச் சூழல் என்று வாதிடலாம். இழப்பீடு கிடைப்பது அரிது. ஆனால் நிறுவனத்தின் சொந்த விமானிகள் ஊதியத்துக்காகச் செய்யும் வேலைநிறுத்தம் அப்படியல்ல என்று 2021 மார்ச் 23இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊழியர்களோடு ஊதியம் பற்றிப் பேசி முடிப்பது ஒரு முதலாளியின் அன்றாடப் பணியில் சேர்ந்தது என்பது அதன் அடிப்படை. இழப்பீடு உண்டோ இல்லையோ, மாற்றுப் பயணமும் பராமரிப்பும் இரண்டு வகையிலும் உண்டு.

அன்று காலை இதைத் தொலைபேசியில் விளக்கியபோது, மகளைவிடப் பெரியவர்தான் சட்டென்று பிடித்துக்கொண்டார். "இதற்கு நீதிமன்றம் வேறு வேண்டுமா அம்மா? சம்பளப் பேச்சு கம்பெனி நடத்துவதில் ஒரு வேலைதானே? நானும் வாசலில் நின்றவன்தான். அவர்களைத் திட்டாதீர்கள். நமக்கு வரவேண்டியதைக் கம்பெனியிடம் கேளுங்கள்" என்றார். 1918இல் மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூரில். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். வடசென்னையில் வளர்ந்த ஒரு மனிதருக்கு அந்தத் தீர்ப்பின் உள்ளர்த்தம் புரிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வேலைநிறுத்தம் செய்பவர்கள் மீது கோபப்பட்டு நேரத்தை வீணாக்காத பயணி என்பது எனக்குப் பெரிய உதவி.

இந்திய விதி வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள், வேலைநிறுத்தத்தையும் தொழில் தகராறையும் அசாதாரணச் சூழல் பட்டியலில் வைத்திருக்கின்றன. ரத்துக்கான இழப்பீட்டை அங்கே எதிர்பார்க்க முடியாது. மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். 2024 மே மாதம் ஓர் இந்திய நிறுவனத்தின் விமானப் பணியாளர்கள் ஒட்டுமொத்தமாக உடல்நல விடுப்பு எடுத்தபோது, வளைகுடாவில் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியவர்கள் விமான நிலையங்களில் தவித்தார்கள். அவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது இதே வார்த்தைதான்: முதலில் பயணத்தைக் கேளுங்கள்.

கவுன்டரில் 50 நிமிடம்

என் போன்ற சிறிய கடைகளுக்கு, விமான நிறுவனங்களின் உலக அமைப்பான ஐயாட்டாவின் அங்கீகாரம் இல்லை. மொத்தமாக டிக்கெட் வழங்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் எடுக்கிறோம். ஆகவே விமான நிறுவனம், மொத்த ஏஜென்சி, நான், பயணி என்று நான்கு படிகள். வேலைநிறுத்தம் வந்தால் இந்தப் படிகளில் பயணியை உருட்டி விளையாடுவார்கள். நிறுவனத்தை அழைத்தால் 'ஏஜென்டிடம் பேசுங்கள்' என்பார்கள். ஏஜென்சியை அழைத்தால் 'நிறுவனம் ஏற்கெனவே மாற்றிவிட்டது, எங்கள் திரையில் கைவைக்க முடியவில்லை' என்பார்கள். இரண்டுமே பொய்யல்ல என்பதுதான் கொடுமை. நிறுவனம் தானாக ஒரு மாற்றம் செய்தவுடன் டிக்கெட்டின் பிடி அதன் கைக்குப் போய்விடுகிறது.

மொத்த ஏஜென்சியில் 40 நிமிடம் காத்திருந்து இதை உறுதி செய்துகொண்டேன். உடனே வழியை மாற்றினோம். மருமகன் நேரே ஹாம்பர்க் விமான நிலையத்துக்குப் போய், நிறுவனத்தின் டிக்கெட் கவுன்டரில் நிற்பது. மகள் வீட்டிலிருந்து தொலைபேசி வரிசையில் நிற்பது. நான் இங்கே என் திரையில் காலியிடம் தேடுவது.

தொலைபேசி முதலில் கிடைத்தது. வெள்ளிக்கிழமை லண்டன் வழியாகப் பெங்களூருவுக்கு இரண்டு இடம் தருகிறோம் என்றார்கள். 90ஆம் நாள், மகள் சரி சொல்லப் போனாள். நல்லவேளையாக அதற்கு முன் எனக்கு ஒரு செய்தி போட்டாள். லண்டனில் விமானம் மாறுவதற்குக்கூட இந்தியக் கடவுச்சீட்டுக்குப் பொதுவாக இடைவழி விசா வேண்டும். இவர்களிடம் இருந்த ஷெங்கன் விசா அங்கே உதவாது. டிக்கெட்டைக் கொடுத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை ஹாம்பர்க்கில் பெட்டி போடும் இடத்தில்தான் விமானத்தில் ஏற்ற முடியாது என்று சொல்லியிருப்பார்கள். கையில் டிக்கெட், விசாவின் கடைசி நாள், ஏற அனுமதி இல்லை. நினைத்தாலே இன்றும் வயிறு கலங்குகிறது. மாற்றுப் பாதையில் புதிதாக ஒரு நாட்டின் பெயர் வந்தால், அங்கே இறங்கி மாற நம் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டுமா என்று பார்க்காமல் 'சரி' சொல்லக் கூடாது.

நான் தேடியதில் செவ்வாய் மாலை விமானத்தில் ஒரே ஓர் இடம் இருந்தது, பயனில்லை. வியாழன் மாலை, வளைகுடா நிறுவனம் ஒன்றில் ஹாம்பர்க்–துபாய், துபாய்–பெங்களூரு, இரண்டிலும் இடம் இருந்தது. துபாயில் ஒரே டிக்கெட்டில், வெளியே வராமல் விமானம் மாறினால் விசா தேவையில்லை. வியாழன் 89ஆம் நாள். விமான எண்கள், நேரம், எத்தனை இடம் மிச்சம் என்பதை வாட்ஸ்ஆப்பில் மருமகனுக்கு அனுப்பினேன். கூடவே கவுன்டரில் காட்ட மூன்றே வரி: இவர்களின் விசா வெள்ளியோடு முடிகிறது, 261/2004இன் 8ஆம் பிரிவின்படி விரைவான மாற்றுப் பயணம் கேட்கிறோம், இந்த விமானங்களில் இப்போது இடம் இருக்கிறது.

'ஏதாவது செய்யுங்கள்' என்று கேட்கிறவருக்கு ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும். விமான எண்ணோடு கேட்டால் எதிரில் இருப்பவரின் வேலை பாதி முடிந்துவிடுகிறது. அந்தக் கவுன்டரில் இருந்த பெண் முதலில் தலையசைத்தாராம், தம் கூட்டாளி நிறுவனம் அல்ல என்று. மருமகன் குரலை உயர்த்தவில்லை. விசா ஒட்டிய பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, மேலதிகாரியிடம் கேட்க முடியுமா என்று மட்டும் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் உள்ளே போய்வந்து கணினியில் தட்டத் தொடங்கினார். வரிசையின் முன்னால் நின்றதிலிருந்து 50 நிமிடத்தில் வேலை முடிந்தது.

துபாயிலிருந்து சென்னைக்கே விமானம் உண்டே, அதில் போடக் கூடாதா என்று மருமகன் கேட்டிருக்கிறார். டிக்கெட்டில் கடைசி ஊர் பெங்களூரு, எங்கள் கடமை அதுவரைதான் என்றார்கள். சட்டப்படி அது சரி. நான் மிச்சம் பிடித்த 11,000 ரூபாயின் உண்மையான விலை அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இது நடக்காமல் போயிருந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். ஐரோப்பிய விசா விதித்தொகுப்பின் 33ஆம் பிரிவு, தவிர்க்க முடியாத காரணத்தால் வெளியேற முடியாதவர்களுக்குக் கட்டணமின்றி விசாவை நீட்டிக்க இடம் தருகிறது. ஆனால் விசா முடியும் முன்பே, ரத்துக் கடிதத்தோடு உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். கடிதத்தை அச்செடுத்து வைக்கச் சொன்னேன். தேவைப்படவில்லை.

இடம் இருந்தது, டிக்கெட் இல்லை

செவ்வாய் இரவு எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். புதன் காலை நான் வளைகுடா நிறுவனத்தின் இணையதளத்தில் அவர்களின் பிஎன்ஆரைப் போட்டுப் பார்த்தேன். இடம் உறுதி. டிக்கெட் எண் மட்டும் இல்லை.

பிஎன்ஆர் என்பது இடத்தைப் பிடித்து வைத்ததற்கான அடையாளம். டிக்கெட் என்பது அந்த இடத்துக்குப் பணம் கட்டியாயிற்று என்பதற்கான 13 இலக்க எண். விமானம் மாறும்போது முன்பதிவை மாற்றினால் போதாது. டிக்கெட்டையும் மறுபடி வழங்க வேண்டும். எங்கள் பேச்சில் ரீஇஷ்யூ என்போம். அவசரத்தில் கவுன்டர்களில் இது பாதியில் நின்றுவிடுவது உண்டு. அப்படியே விட்டால் இடத்தைக் கணினி தானாக விடுவித்துவிடலாம், அல்லது பெட்டி போடும் இடத்தில் 'உங்களுக்கு டிக்கெட் இல்லையே' என்பார்கள். மாற்றிக் கொடுத்த நிறுவனம் அன்று வேலைநிறுத்தத்தில் இருக்க, யாரிடம் போய்க் கேட்பது?

மருமகன் மறுபடி விமான நிலையம் போனார். விமானிகள்தான் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள், கவுன்டர் திறந்திருந்தது. மாலைக்குள் புதிய எண் ஏறியது. சக்கர நாற்காலிக் கோரிக்கை புதிய முன்பதிவுக்கு வரவில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். அதை மறுபடி பதிந்தோம். பழைய டிக்கெட்டில் தலைக்கு இரண்டு பெட்டி. அதன் நகலை அச்செடுத்துக் கையில் கொடுத்தனுப்பினார்கள். நிறுவனமே வழி மாற்றியதால் அந்தக் கணக்கே செல்லும் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

வியாழன் மாலை, 89ஆம் நாள், குடியேற்ற மேசையைக் கடந்ததும் பெரியவர் ஒரு செய்தி அனுப்பினார். 'தாண்டியாயிற்று' என்ற ஒரு சொல். வெள்ளிக்கிழமை பெங்களூருவில் இறங்கி, ரயிலில் சென்ட்ரலுக்கு வந்து, இரவு 10 மணிக்குக் காலடிப்பேட்டை.

இழப்பீட்டுக் கடிதம்

3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். ரத்துச் செய்தி 14 நாளுக்கும் குறைவான அவகாசத்தில் வந்தது. போய்ச் சேர்ந்தது நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதம். ஆகவே தலைக்கு 600 யூரோ, இருவருக்கு 1,200. மாற்று விமானத்தில் கொண்டு சேர்த்ததால் இது கழிந்துவிடாது. மகள் பெயரில் இல்லை, பயணிகள் இருவர் பெயரிலும் கோரிக்கை போட்டோம். பணம் மட்டும் மகளின் கணக்குக்கு என்று ஒப்புதல் கடிதம் வைத்தோம்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது: வேலைநிறுத்தம் அசாதாரணச் சூழல், இழப்பீடு இல்லை. மரியாதையான, அச்சடித்த மாதிரியான கடிதம். இங்கேதான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது கடிதத்தில் அவர்களுடைய மின்னஞ்சலையே இணைத்தோம்: 'எங்கள் விமானிகள் சங்கத்தின் ஊதியக் கோரிக்கை' என்று அவர்களே எழுதிய வரி. கீழே 2021 மார்ச் 23ஆம் தேதித் தீர்ப்பு. வேறு வாதம் எதுவும் இல்லை. ஜெர்மனியில் இத்தகைய கோரிக்கைக்கு, அது எழுந்த ஆண்டின் முடிவிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் இருப்பதால் அவசரப்படவும் இல்லை.

பதினோராவது வாரம் 1,200 யூரோ வந்து சேர்ந்தது. பெங்களூரு–சென்னை உள்நாட்டு டிக்கெட்டில் வரிகளும் விமான நிலையக் கட்டணமும் மட்டும் திரும்பின. போன தொகை 7,400 ரூபாய். அதை என் கடைக் கணக்கில் நட்டமாக எழுதிவிட்டுப் பெரியவர் கையில் கொடுத்தேன்.